ஜேம்ஸ் ஏஜி: திரைப்படத் திறனாய்வும் புனைகதையும்

திறனாய்வாளர் படைப்பாளராக மாறுதல் இலக்கிய வரலாற்றில் அரிய நிகழ்ச்சியன்று. ஆயினும் வரலாறு எழுதுவோர் அம்மாற்றத்தை ஒரு தொழிலை விட்டு மற்றொரு தொழிலை மேற்கொண்ட செயலாகவே பெரும்பாலும் கூறிச் செல்வர். திறனாய்வைப் பயிற்சியென்றும் படைப்பையே அதன் பயனென்றும் கொள்வதால், முன்னையது இரண்டாந்தர எழுத்தாக ஒதுக்கப்படுகின்றது. இக்கொள்கை எந்த அளவு பொருந்தும் என்பதை, அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜியின் (1909–1955) எழுத்துகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

ஏஜி டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில் நகரில் பிறந்தவர். 1916-இல் தந்தையார் மோட்டார் வண்டி விபத்தில் இறந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்று, 1932-இல் ‘பார்ச்சூன்’ இதழில் பணியேற்றார். 1934-இல் அவருடைய கவிதைத் தொகுதி வெளிவந்தது. 1936-இல் அலபாமாவின் ஏழைக் குத்தகை உழவர் குடும்பங்களோடு தங்கி அவர் எழுதிய உரைநடை நூல், வாக்கர் எவான்சின் புகைப்படங்களோடு 1941-இல் அச்சேறியது. அவ்வாண்டிலேயே ‘டைம்’ வார இதழிலும், 1942-இன் இறுதி முதல் ‘நேஷன்’ இதழிலும் திரைப்படத் திறனாய்வு எழுதத் தொடங்கினார். 1948 வரை அப்பணி நீடித்தது. திரைப்படத்தில் நாட்டம் மிகுதியும் இல்லாத கவிஞர் ஆடன், 1944-இல் ‘நேஷன்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில் ஏஜியின் பகுதியைப் பெரிதும் பாராட்டினார். ஆகவே, படம் பாராதவரும் விரும்பிப் படிக்கும் தனித்தகுதி அக்கட்டுரைகளுக்கு இருந்தது என்பது தெளிவு.

1948-க்குப் பின் அவர் திரைக்கதையும் புதினமும் எழுதினார். இக்கால வரிசையை மட்டும் நோக்குவோர், திறனாய்வாளர் பின்னர்ப் படைப்பாளரானார் என்று எளிதில் முடிவு கட்டுவர். ஆனால் மறக்கத்தகாத செய்தி ஒன்றுண்டு. ‘வீடு’ என்னும் பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய திரைக்கதை 1937-இலேயே அச்சாகிவிட்டது. பிரெஞ்சு எழுத்தாளர் மால்ரோவின் புதினம் ஒன்றன் பகுதிக்கு அவர் அமைத்த திரைவடிவமும் 1939-இல் வெளிவந்தது. எனவே திரைக்கு எழுதும் வேட்கை திறனாய்வுக்கு முற்பட்டது. அவ்வேட்கை இடையில் ஏழாண்டுகள் திறனாய்வாக வடிவெடுத்தது என்பதே பொருந்தும்.

அத்திறனாய்வின் தனித்தன்மை யாது? கதைச் சுருக்கத்தை உரைத்துத் தீர்ப்புக் கூறுவதோடு ஏஜி நிற்பதில்லை. நடிகரின் நடை, கையசைவு, முகத்தில் தோன்றி மறையும் உணர்ச்சி ஆகியவற்றைச் சொல்லால் மீண்டும் நிகழ்த்திக் காட்டுவார். நம் இலக்கண மரபில் மெய்ப்பாடு எனப்படும் பொருளே அவர் கருத்தை ஈர்த்தது எனலாம். சாப்ளினின் ‘மான்சியர் வெர்டு’ 1947-இல் வெளிவந்து பலராலும் தாக்கப்பட்டபோது, அதற்காக ‘நேஷன்’ இதழில் மூன்று கட்டுரைகள் எழுதினார். 1949-இல் ‘லைப்’ இதழில், சாப்ளின், கீட்டன், லாயிட், லாங்டன் ஆகியோரின் ஊமைப்பட நகைச்சுவையைப் பற்றி எழுதிய நெடுங்கட்டுரை இம்முறையின் உச்சமாகும்.

1950-இல் அதே இதழில் இயக்குநர் ஜான் ஹியூஸ்டனைப் பற்றி எழுதினார். அத்தொடர்பு, பாரஸ்டரின் 1935-ஆம் ஆண்டுப் புதினமாகிய ‘ஆப்பிரிக்கன் குவீன்’ திரைக்கதையாகும் வாய்ப்பைத் தந்தது. 1951-இன் தொடக்கத்தில், அப்பணி முடியுமுன்னரே, ஏஜி மாரடைப்புக்கு ஆளானார். இறுதிப் பகுதியைப் பிறர் நிறைவு செய்தனர். ஏஜி, ஹியூஸ்டன் இருவர் பெயராலும் வந்த அப்படத்தில், தேநீர் வேளையில் படகோட்டியின் பசித்த வயிறு ஒலியெழுப்ப, உடனிருப்போர் அதனைக் கேளாதவர்போல் பேசிக்கொண்டிருக்கும் காட்சி உண்டு. அங்கு வாய்ச்சொல் ஒன்று சொல்ல, உடல் வேறொன்று சொல்கிறது. ஊமைப்படங்களில் அவர் போற்றிய திறம் இதுவேயாகும்.

சார்லஸ் லாட்டன் இயக்கிய ‘தி நைட் ஆப் தி ஹண்டர்’ படம், ஏஜி இறந்த 1955-ஆம் ஆண்டிலேயே, அவர் மறைவுக்குப் பின் வெளிவந்தது. அவர் எழுதித் தந்த மிக நீண்ட படி பயன்படாதென ஒதுக்கப்பட்டது என்றும், லாட்டனே முழுதும் எழுதினார் என்றும் நெடுங்காலம் கூறப்பட்டது. நல்ல திறனாய்வாளர் திரைக்கதைக்கு உதவார் என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டியோரும் உளர். பின்னர் 2004-இல், 293 பக்கங்கள் கொண்ட அம்முதற்படி வெளிப்பட்டது. லாட்டன் அதனைப் பெரிதும் சுருக்கினார் என்பது உண்மையே. ஆயினும் படத்தின் காட்சியமைப்பு அதனோடு பெரிதும் ஒத்துச் செல்கின்றது. ஐம்பதாண்டுச் செவிவழிச் செய்தி கையெழுத்துப் படி ஒன்றால் திருத்தமுற்றது.

‘குடும்பத்தில் ஒரு மரணம்’ என்னும் பொருள்படும் பெயருடைய புதினமே ஏஜிக்கு நிலைத்த புகழைத் தந்தது. தந்தையின் மறைவே அதன் கரு. அவர் முடிக்காது விட்ட அக்கதையை மெக்டவல் ஒழுங்குபடுத்தி 1957-இல் பதிப்பித்தார்; 1958-இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அப்பதிப்பில், 1938-இல் தனியே வெளிவந்த நாக்ஸ்வில் பற்றிய உரைநடை முகப்பாக நிற்க, முதல் அதிகாரத்தில் தந்தையும் மகனும் சாப்ளின் படம் பார்க்கச் செல்கின்றனர். 2007-இல் லோபாரோ வெளியிட்ட பதிப்போ அம்முகப்பை நீக்கி, சிறுவனின் இளமை நிகழ்ச்சிகளைக் காலமுறையில் அமைத்தது. ஆதலின், திரைப்படக் காட்சியைத் தொடக்கத்தில் வைத்தவர் ஏஜியே என்று உறுதி கூறுதல் இயலாது. அக்காட்சியைப் படைத்தவர் அவரே என்பதில் மட்டும் ஐயமில்லை. இருண்ட அரங்கில் ஒருங்கு சிரித்த இருவரும் வீடு திரும்பும் வழியில் மிகுதியும் பேசுவதில்லை. அம்மௌனத்திலேயே அன்பு புலனாகிறது. இதனை எழுதிய கண்ணும் சாப்ளினின் அசைவுகளை இதழ்களில் எழுதிக் காட்டிய கண்ணும் ஒன்றே.

எனவே ஏஜி திறனாய்வை விட்டுப் படைப்புக்குச் சென்றவர் அல்லர். இரண்டிடத்தும் ஒரே தொழிலையே செய்தவர். இம்முடிவை நாம் எய்த முடிவது, சிதறிக் கிடந்த அவருடைய திரைப்பட மதிப்புரைகள் 1958-இல் நூலாகத் தொகுக்கப்பட்டமையாலேயே. ‘டைம்’ இதழில் அவர் எழுதியவை பெயரின்றி வெளிவந்தவை. தேடித் தொகுப்பாரின்றேல் அவை எவருடையவை என்பதே மறைந்திருக்கும். ஓர் எழுத்தாளரின் புதினங்களைப் பேணி, வார இதழ்களில் அவர் எழுதியவற்றைக் கைவிடும் இலக்கிய வரலாறு குறையுடையது. அவ்வெழுத்துகளை ஆண்டு முறையில் தொகுத்த பின்னரே, படைப்பாளர் எப்போது தோன்றினார் என்னும் வினாவுக்கு விடை கூறுதல் முறையாகும்.