பல்லாவரத்துக் கல், சேர்வராயன் கல்

ஆகஸ்ட் 22 வந்தால் சென்னைக்குப் பிறந்தநாள். 1639இல் அந்தத் தேதியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கடற்கரை மணல்மேட்டுக்கு உரிமை எழுதி வாங்கினார்கள் என்பதற்காக மயிலாப்பூரில் நடைப்பயணம், ஜார்ஜ் டவுனில் கண்காட்சி, பத்திரிகைகளில் சிறப்புப் பக்கம். மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா. அங்கேயும் யாராவது மேடையேறி, சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் 1820-களில் காப்பியும் பேரியும் கொண்டுவந்து நட்டு ஏற்காட்டை உருவாக்கிய கதையைத் தவறாமல் சொல்வார்.

இரண்டு விழாவிலும் நான் கொஞ்சம் ஒட்டாத ஆள். பிறந்து வளர்ந்தது சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காட்டில், காப்பித் தோட்டத்து ரைட்டர் ஒருவரின் மகனாக. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திப் பிழைத்து, வீடு வாங்கிக் குடியிருப்பது பல்லாவரத்தில். பிறந்தநாள் கொண்டாடும் மாநகராட்சியில் பல்லாவரம் சேர்த்தியே இல்லை. 2021 முதல் நாங்கள் தாம்பரம் மாநகராட்சி. அதற்கு முன் நகராட்சி. ஊரின் ஒரு பகுதி இன்னும் கன்டோன்மென்ட். சொந்தக்காரர்கள் ஃபோனில் விலாசம் கேட்டால், “ஏர்போர்ட்டுக்கு எதிர்ப்பக்கம்” என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

பல்லாவரம் என்றால் பிறருக்குத் தெரிந்தது மேம்பாலமும் வெள்ளிக்கிழமைச் சந்தையும்தான். சந்தையைப் பற்றித் தப்பாகச் சொல்ல மாட்டேன். பழைய டிரங்க் ரோடு நெடுக புறா, முயல், ரோஜாச் செடி, சைக்கிள் உதிரி, யார் வீட்டிலோ கழற்றிய மின்விசிறி, காது உடைந்த ஜாடி எல்லாம் தரையில் விரித்துக் கிடக்கும். ஊருக்குள்ளே ஒரு குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் குடைந்த குகைக்கோயில் இருக்கிறது. தன் பட்டப்பெயர்களைக் கல்லில் வரிசையாக வெட்டிவைத்திருக்கிறான். இன்று அது தர்கா. எங்கள் தெரு ஆட்கள் குழந்தைக்கு ஓதிவிட அங்கே போவார்கள், பல்லவனைத் தேடி யாரும் போவதில்லை. 1880-களில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரே இந்தக் குன்றுப் பக்கம் தோண்டியெடுத்த சுடுமண் ஈமப்பேழை ஒன்று உண்டு. பிணத்தின் எலும்பை வைத்துப் புதைக்கிற, கால்கள் முளைத்த தொட்டி. சென்னைக்கு 1639இல் பிறந்தநாள் என்றால், அந்தத் தொட்டியில் அடங்கியவருக்கு எந்த ஊர் என்று கேட்கத் தோன்றும்.

அதைவிடப் பழைய சமாசாரம் ஒன்று இருக்கிறது.

பல்லாவரம் அப்போது பட்டாளத்து ஊர். கவாத்து மைதானத்தில் சரளைக்காக வெட்டிய ஒரு பள்ளம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் 1858இல் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், வயது 28, 1863 மே 30ஆம் தேதி அந்தப் பள்ளத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கினார். ஆள் செதுக்கிய கல். ஐரோப்பாவில் சோம் ஆற்றுச் சரளையில் கிடைத்த கற்கோடரிகளை மனிதன் செய்ததுதான் என்று அறிஞர்கள் ஒப்புக்கொண்டே நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. ஃபூட் அந்தச் செய்திகளைப் படித்திருந்தார், கண்ணும் அதற்குத் தயாராக இருந்தது. அதே வருஷம் செப்டம்பரில் அவரும் உடன் வேலை பார்த்த வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றுப் பக்கம் அதிரம்பாக்கத்தில் இன்னும் நிறையக் கண்டார்கள். அந்த அதிரம்பாக்கத்துக் கோடரிகளுக்குச் சாந்தி பப்புவும் குழுவினரும் 2011இல் வயது கணித்து வெளியிட்டார்கள்: ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு.

பூகோள வாத்தியாராக ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்துக் கற்கோடரிகளெல்லாம் குவார்ட்சைட். பல்லாவரம் குன்றை நீங்கள் எங்கே வெட்டினாலும் குவார்ட்சைட் வராது. பழைய ஆறுகள் வடமேற்கு மலைகளிலிருந்து உருட்டிக் கொண்டுவந்த கூழாங்கல்லைத் தேடிப்பிடித்து, கைக்கு வாகானதைத் தேர்ந்து, சில்லுச்சில்லாகப் பெயர்த்திருக்கிறார்கள். காலடியில் கிடந்த கருங்கல்லை விட்டுவிட்டார்கள். எந்தக் கல் எப்படி உடையும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அந்தப் பள்ளம் எங்கே இருந்தது என்று எனக்குக் காட்ட மட்டும் இங்கே ஆள் கிடைக்கவில்லை. கன்டோன்மென்ட் மதில் ஓரம் காலை நடை போகும்போது, இதுவாக இருக்குமோ அதுவாக இருக்குமோ என்று நானாகப் பார்த்துக்கொள்வதோடு சரி.

ஃபூட்டின் பெயரை நான் முதலில் கேட்டது பல்லாவரத்தில் இல்லை, ஏற்காட்டில். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பரோடா சமஸ்தானத்துக்கும் கொஞ்ச காலம் உழைத்துவிட்டு, அவர் வந்து தங்கிய இடம் ஏற்காடு. வீட்டுக்கு ஐவி காட்டேஜ் என்று பெயர். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார். ஏற்காட்டு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. தன் சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றுவிட்டு, ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணும் ஊரும் எழுதி அவர் தயாரித்த பட்டியல் 1914இல்தான் அச்சானது. எழும்பூரில் பல்லாவரத்துக் கல் இன்றும் அதே சேகரிப்பில்தான் சேரும்.

ஏற்காடு அவருக்குப் புதிய இடமாகவும் இருந்திருக்காது. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் 1882இல் இந்த மலையில்தான் காலமானார். தமிழ் படித்தவர்களுக்கு மருமகனைவிட மாமனாரைத்தான் தெரிந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பாதிரியாக இருந்தபோது ஆறுமுக நாவலரை உடன் வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர். பின்னால் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியர், ‘தினவர்த்தமானி’ பத்திரிகையின் ஆசிரியர், ஆறாயிரத்துக்கு மேல் தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில விளக்கத்தோடு 1874இல் புத்தகமாக்கியவர். ஒருவர் பழமொழி பொறுக்கினார், இன்னொருவர் கல் பொறுக்கினார். கோடை விழா மேடையில் இந்தக் குடும்பத்தைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. காக்பர்னுக்கே நேரம் சரியாகப் போய்விடுகிறது.

காக்பர்ன் மேல் எனக்கு வருத்தமொன்றும் இல்லை. நான் சாப்பிட்ட சோறு காப்பிச் சோறு. நவம்பரில் பழம் சிவந்துவிட்டால் அப்பாவுக்குச் சாப்பிட நேரமிருக்காது. மேஸ்திரி கூட்டிவந்த ஆட்களைக் காலையில் பேர் கூப்பிட்டு செக்ரோலில் பதிவார். சாயங்காலம் சில்வர் ஓக் மரத்தடியில் நின்று ஒவ்வொருவர் சாக்கையும் எடை போடுவார். பச்சைக்காய் கலந்திருந்தால் கீழே கொட்டிப் பொறுக்கச் சொல்வார். திட்டவும் செய்வார். ஆபீஸ் அறையில் பழைய ஏடு ஒன்று இருந்தது. அதன் முதல் பக்கத்தில் தோட்டம் ‘திறந்த’ வருஷம். தோட்டக்காரர்கள் பேச்சில் எல்லாத் தோட்டமும் திறக்கப்பட்டதுதான், காடு அதுவரை பூட்டிக் கிடந்த மாதிரி. திறப்பதற்கு முன் அந்த மேட்டில் என்ன விளைந்தது, யார் விதைத்தார் என்று எழுத ஏட்டில் பத்தி இல்லை.

விதைத்தவர்கள் மலையாளிகள். கேரளத்துக்காரர்களோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் வாழும் தமிழ்ப் பழங்குடி. சாமையும் ராகியும் போட்டார்கள். இவர்கள் சொல்லும் வரலாற்றில் மூன்று அண்ணன் தம்பிகள் காஞ்சிபுரத்திலிருந்து கிளம்புகிறார்கள். பெரியவன் சேர்வராயனில் ஏறுகிறான், நடுவன் பச்சைமலையில், சின்னவன் கொல்லிமலையில். காஞ்சியிலிருந்து பல்லாவரம் பஸ்ஸில் ஒரு தூக்கம் போடும் தூரம். அவர்கள் விட்டுவந்த தொண்டை நாட்டுக்கு நான் பிழைக்க இறங்கி வந்திருக்கிறேன். கதை வரலாறாகுமா என்று படித்தவர்கள் கேட்பார்கள். 1639க்கு எழுத்து இருக்கிறது, இதற்கு இல்லை, வித்தியாசம் அவ்வளவுதான்.

எழுத்து இல்லாவிட்டாலும் கல் இருக்கிறது. எங்கள் தோட்டத்துக்கு மேலே இருந்த கிராமத்தில் பலகைக் கற்களை நிறுத்தி மூடிய சின்னக் கோயில் ஒன்று. உள்ளே விக்கிரகம் கிடையாது. உள்ளங்கை நீளத்தில் ஏழெட்டுக் கற்கள், எண்ணெய் குடித்துக் கருத்தவை. ஒரு முனை உருண்டு, மறுமுனை தட்டையாகிக் கூராக முடியும். கட்டைவிரலை அந்த விளிம்பில் ஓட்டினால் தேய்த்த வழவழப்பு தெரியும். பிள்ளையார் என்று கும்பிட்டார்கள். இடி விழுந்த இடத்தில் முளைத்த கல் என்று ஒரு பாட்டி சொன்னார். “தொடாதே சாமி, மழை நின்னுபோகும்” என்று விரட்டியதும் அவர்தான். அவை புதிய கற்காலத்துக் கோடரிகள். உழும்போதும் மழை அரிப்பிலும் வெளிவந்ததை எடுத்துக் கோயிலில் வைப்பது சேர்வராயன் மலையில் பழைய வழக்கம். ஃபூட்டும் இதைப் பார்த்துக் குறித்துவைத்திருக்கிறார். பல்லாவரத்தில் அவர் எடுத்தபோது அது வெறும் சரளை. ஏற்காட்டில் அவருக்கு முன்பே யாரோ அடையாளம் கண்டு, எடுத்துவைத்து, விளக்கும் ஏற்றியிருந்தார்கள்.

பிறந்தநாள் விஷயத்தில் கல்கத்தா நம்மைவிட வேகம். ஜாப் சார்னாக் என்ற கம்பெனி ஏஜென்ட் 1690 ஆகஸ்ட் 24இல் வந்திறங்கி அந்த நகரத்தை நிறுவினார் என்று வெகுகாலம் பாடப்புத்தகத்தில் இருந்தது. வழக்குப் போட்டார்கள். சார்னாக் நிறுவனர் இல்லை, அந்தத் தேதி பிறந்தநாளும் இல்லை என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2003இல் சொல்லிவிட்டது. எனக்கு வேண்டியது சார்னாக்கின் கல்லறை. 1693இல் இறந்த அவருக்குச் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் போட்டிருக்கும் கல் வங்காளத்துக் கல் இல்லை. அங்கே தோண்டினால் வண்டல்தான் வரும். தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அந்தக் கல்லை ஆராய்ந்து 1893இல் கட்டுரை எழுதினார். சென்னைப் பக்கத்தில், பரங்கிமலை பல்லாவரம் குன்றுகளில் கிடைக்கும் கல் என்று கண்டு, இறந்தவர் பெயரால் அந்தப் பாறை வகைக்கே சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். நகரத்துக்கு அவர் நிறுவனர் இல்லை என்று ஆனபிறகும் பாறைக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது. 1900இல் ஹாலந்து எழுதிய பெரிய அறிக்கையில், இதே பாறை திரண்டு மலையாகவே நிற்கும் இடங்களில் சேர்வராயனும் வருகிறது. இருபது கொண்டை ஊசி வளைவிலும் பஸ் ஜன்னலுக்கு வெளியே மழையில் நீலச் சாம்பலாக, எண்ணெய் தடவியதுபோல் மின்னுகிற பாறை அதுதான். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் பூஜ்யம் எத்தனை என்றுதான் கேட்பார்கள்.

இந்தப் பாறை லட்சக்கணக்கான வருஷம் மழையில் ஊறி மக்கினால் பாக்சைட். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி மேசைபோல் தட்டையாக இருப்பது அதனால்தான். மேட்டூரில் 1965இல் அலுமினிய ஆலை தொடங்கியபின் உச்சிகளை வெட்டி லாரி லாரியாக இறக்கினார்கள். கோயிலுக்கு மே மாதத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் வழியில் செம்மண் பள்ளங்களைப் பார்த்திருப்பார்கள். இங்கே திரிசூலத்தில் மக்காத பாறையையே வெடிவைத்து எடுத்தார்கள். ஜல்லியாகிச் சென்னையின் பாதிக் கட்டடங்களுக்குள் அது இருக்கும். மின்சார ரயிலில் பல்லாவரம் தாண்டி பரங்கிமலை நோக்கிப் போகும்போது வலப்பக்கம் தெரியும் குன்றில் வெட்டிய முகம் அப்படியே நிற்கிறது.

போன கோடையில் எங்கள் குடியிருப்பில் கிணறு வற்றி, போர் போட முடிவாயிற்று. ரிக் வண்டி திருச்செங்கோட்டிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் எந்த மூலையில் போர் போட்டாலும் வண்டி அங்கிருந்துதான் வரும். களிமண் தாண்டியதும் குழாயிலிருந்து சாம்பல் நிறத் தூள் பீச்சியடித்தது. பக்கத்து வீட்டு அம்மாள் காய்ந்த துணியெல்லாம் போச்சே என்று கத்தினார். வண்டிக்காரர் தூளை உள்ளங்கையில் வாங்கித் தேய்த்துப் பார்த்தார்.

“ஏனுங்க, இது நம்ம சேலத்து மலைக் கல்லாட்டவே இருக்குதுங்க.”

“அதே கல்தான், தம்பி” என்றேன். ஃபூட்டையும் ஹாலந்தையும் சொல்லலாமா என்று வாயெடுப்பதற்குள் அவர் கணக்குக்கு வந்துவிட்டார். “அப்ப ரொம்பக் கெட்டிங்க சார். பிட்டு சீக்கிரம் தேஞ்சிரும். பேசினதுக்கு மேல அடிக்கு இருபது ரூவா சேத்துக் குடுத்துருங்க.”

பதினைந்துக்கு முடித்தோம்.