ஜோசப் பிலாட்டீஸின் மூன்று மாத வாக்குறுதி

நியூயோர்க்கில் வாழ்ந்துவந்த ஜேர்மனியர் ஒருவர் 1945 ஆம் ஆண்டில் சிறியதொரு நூலை வெளியிட்டார். தாம் வகுத்த பயிற்சிகளைக் கிழமைக்கு நான்கு நாட்கள் வீதம் மூன்று மாதங்களுக்குத் தவறாது செய்துவருபவரின் உடலும் உள்ளமும் புத்துயிர் பெறும் என்று அதிலே அவர் உறுதியளித்தார். அதற்கு இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை, வீட்டில் ஒரு பாய் விரிக்க இடமிருந்தால் போதும், பத்து நிமிடங்களை ஒதுக்கும் மனவுறுதியோடு தொடங்கலாம் என்பதே அந்நூலின் சாரம். அந்த மனிதர் ஜோசப் பிலாட்டீஸ். இன்று உலகெங்கும் அவருடைய பெயராலேயே வழங்கும் அந்த உடற்பயிற்சி முறைக்கு அவர் சூட்டிய பெயர் 'கன்ட்ரோலொஜி', அதாவது கட்டுப்பாட்டுக் கலை.

உடம்பைப் பற்றி வாக்குறுதி அளிப்பவர்களைச் சந்தேகக் கண்ணோடு நோக்குவது பத்திரிகைத் தொழில் எனக்குத் தந்த பழக்கம். ஆகவே வாக்குறுதியை விட்டுவிட்டு, முதலில் ஆளைப் பார்ப்போம்.

பிலாட்டீஸ் 1883 டிசெம்பரில் ஜேர்மனியின் மொன்ஷன்கிளாட்பாக் நகரில் பிறந்தவர். சிறுவயதில் ஆஸ்துமாவும், எலும்புகளை நலியச்செய்யும் ரிக்கெட்ஸ் நோயும், வாதக்காய்ச்சலும் அவரை வாட்டியதாகச் சொல்லப்படுகிறது. நோஞ்சான் பிள்ளை பிடிவாதமாகத் தன் உடலைத் தேற்றிக்கொண்டது. முதலாம் உலக மகாயுத்தத்துக்குச் சற்று முன்னர் அவர் இங்கிலாந்துக்குச் சென்றார். குத்துச்சண்டை, சர்க்கஸ் எனப் பல தொழில்களோடு அவருடைய பெயர் இணைத்துப் பேசப்படுகிறது. 1914 இல் யுத்தம் மூண்டதும், பிரித்தானிய மண்ணில் இருந்த ஜேர்மனியர் பலரைப் போல அவரும் எதிரிநாட்டுப் பிரஜையாகத் தடுத்துவைக்கப்பட்டார். முதலில் லங்காஸ்டரிலும், பின்னர் மேன் தீவில் 20,000 இற்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்த நொக்கேலோ முகாமிலும் அவருடைய காலம் கழிந்தது. தடுப்பு முகாம் என்ற சொல்லின் பாரத்தை எமது வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் கதைகள் பெருகுகின்றன. நோயாளிகளின் கட்டிலில் சுருள்வில்களைப் பொருத்தி அவர்களைப் படுத்தபடியே பயிற்சி செய்யவைத்தார், அதுவே பிற்கால இயந்திரங்களுக்கு வித்தாயிற்று என்பது ஒன்று. அவரிடம் பயின்ற எவரும் 1918 ஆம் ஆண்டின் இன்புளுவென்சா கொள்ளைநோயில் மடியவில்லை என்பது மற்றொன்று. இவை பின்னாளில் சொல்லிச் சொல்லி வளர்ந்த கதைகள். இரண்டாவது கதையை ஒரு செய்தியாக என் மேசைக்கு யாரேனும் கொண்டுவந்திருந்தால் நான் அதை அச்சுக்கு அனுப்பியிருக்கமாட்டேன். ஆயினும், ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்த ஒருவரிடம் இருந்து வெறுந்தரையில் செய்யக்கூடிய பயிற்சிமுறை ஒன்று பிறந்ததில் வியப்பேதும் இல்லை.

1926 இல் அவர் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். நியூயோர்க்கின் எட்டாம் அவெனியூவில், துணைவி கிளாராவுடன் பயிற்சிக்கூடமொன்றை நடத்தினார். நடனக் கலைஞர்கள் அவரைத் தேடி வந்தனர். ஜோர்ஜ் பலன்ஷின், மார்த்தா கிரஹாம் போன்ற மேதைகள் காயமுற்ற தமது ஆட்டக்காரர்களை அங்கு அனுப்பினர். சுருள்வில் பூட்டிய இயந்திரங்கள் பெயர்பெற்றது இந்தக் கூடத்தில்தான். ஆனால் 1945 இன் நூலோ இயந்திரங்களை ஒதுக்கிவிட்டு, பாயில் செய்யும் 34 பயிற்சிகளை மாத்திரமே கற்பித்தது. அதன் படங்களில் பயிற்சி செய்துகாட்டுபவர் அறுபது வயதை எட்டிய பிலாட்டீஸேதான்.

முதற் பயிற்சியின் பெயர் 'நூறு'. மல்லாந்து படுத்து, தலையையும் கால்களையும் சற்றே உயர்த்தி, நீட்டிய கைகளை உடலின் இருமருங்கிலும் மேலும் கீழுமாகத் தட்டவேண்டும். ஐந்து தட்டல்களுக்கு மூச்சை உள்ளிழுத்து, ஐந்து தட்டல்களுக்கு வெளிவிடவேண்டும். புதியவர் இருபதோடு தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஐந்து ஐந்தாகக் கூட்டி நூறை அடையலாம், அதற்குமேல் போகக்கூடாது என்கிறார் ஆசிரியர். அக்கறையுள்ள ஆசிரியரின் அறிவுரை இது. ஆனால் மூன்றாம் பயிற்சியிலேயே கால்களைத் தலைக்கு மேலாகப் பின்னுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிடுகிறார்! நாற்காலியில் ஆயுளைக் கழித்தவரின் கழுத்துக்கு இது ஆபத்து. எலும்பு தேய்ந்தவர்கள் முதுகை வளைத்து உருளும் பயிற்சிகளை அறவே தவிர்க்கவேண்டும். முழங்கால்களை மடித்துக்கொள்ளவும், தலையைத் தரையிலேயே வைத்துக்கொள்ளவும் பின்வந்த ஆசிரியர்கள் வழிசெய்தமை நூலின் இந்தக் குறையை ஓரளவு நிவர்த்தித்தது.

1967 இல் பிலாட்டீஸ் காலமானார். பின்னர் அவருடைய பெயரே வணிகச் சின்னமாகியது. அனுமதியின்றி அதைப் பயன்படுத்திய ஆசிரியர்களுக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் பறந்தன. 2000 ஒக்டோபரில் மன்ஹாட்டன் சமஷ்டி நீதிமன்றம், பிலாட்டீஸ் என்பது யோகா, கராத்தே என்பவற்றைப் போல ஒரு பயிற்சிமுறையின் பொதுப்பெயர் என்று தீர்ப்பளித்து அந்தச் சின்னத்தை இரத்துச் செய்தது. மருத்துவ உலகத்தின் மதிப்பீடு நீதிமன்றத் தீர்ப்பைவிடத் தயக்கமானது. நாட்பட்ட இடுப்புவலி தொடர்பாக, 510 பேரை உள்ளடக்கிய 10 ஆய்வுகளைக் கொக்ரேன் அமைப்பு 2015 இல் பரிசீலித்தது. வெறுமனே இருப்பதைவிட இப்பயிற்சி வலியைக் குறைக்கக்கூடும், ஆனால் ஏனைய உடற்பயிற்சிகளைவிட மேலானது என்பதற்குத் தக்க ஆதாரமில்லை என்பதே அதன் முடிவு.

செய்தி மேசையில் குனிந்து குனிந்தே கூனத் தொடங்கிய முதுகொன்று எனக்கும் உண்டு. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, கிழவரின் நிபந்தனைப்படியே கிழமைக்கு நான்கு நாட்கள், மூன்று மாதங்கள் செய்துபார்த்தேன். சாதாரணப் பன்பாய் போதாது. முதுகெலும்பு சீமெந்துத் தரையில் உரசும், தடித்த விரிப்பு அவசியம். முதல் இரு கிழமைகளும் வயிற்றைவிடக் கழுத்தே நொந்தது. தலையைத் தரையில் சாய்த்துவிட்டுத் தொடர்ந்ததும் அது நின்றது. இடுப்புப் பட்டியின் துளை அன்று இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கிறது. ஆனால் காலையில் கையை ஊன்றாமல் படுக்கையிலிருந்து எழ முடிகிறது. இரவில் பக்கங்கள் முடியும்வரை கதிரையில் இருக்கவும் முடிகிறது. ஒவ்வொரு முறையும் ஐந்து என்றதை நான் கிழமைக்கு ஐந்து என்று குறைத்துக்கொண்டபடியால், பன்னிரண்டு கிழமைகளின் முடிவில் எண்பதில் நிற்கிறேன். மூன்றாம் பயிற்சியைத் தொடும் உத்தேசம் இல்லை.