தொழிற்சாலை மூடிய பிறகு வண்டியை ஓட்டுவது யார்?



மிஸ்டர் பீன் தொடரில் அடிக்கடி கவிழ்ந்து விழும் நீலநிற மூன்று சக்கர வண்டியைப் பார்த்துச் சிரிக்காத வீடு நம்மில் இருக்காது. அதன் பெயர் ரிலையன்ட் ரீகல். பழைய வண்டிகளில் ஆர்வமுள்ள மாணவர் ஒருவர், "இந்த மாதிரி வண்டிக்கெல்லாம் ஸ்பேர் எங்கே சார் கிடைக்கும்?" என்று கேட்டிருந்தார். சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் சரித்திரத்திலிருந்துதானே பதில் வரும்!

நம் தாத்தாக்கள் பெருமையாக ஓட்டிய ராலி சைக்கிள் நினைவிருக்கிறதா? அந்த ராலி கம்பெனி இங்கிலாந்தில் மூன்று சக்கர மோட்டார் வண்டியும் செய்தது. 1930களின் நடுவில் அதைக் கைவிட்டது. அங்கே வேலை பார்த்த டாம் வில்லியம்ஸ் என்பவர், டாம்வொர்த் ஊரில் தன் வீட்டுப் புறக்கடையிலேயே ஒரு வண்டியைக் கட்டி, 1935இல் ரிலையன்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். கையிலிருந்த ராலி பாகங்களில் 'ஆர்' எழுத்து பொறித்திருந்ததால்தான் அதே எழுத்தில் தொடங்கும் பெயரை வைத்தார் என்று சொல்வார்கள்.

அடுத்த சோதனை சீக்கிரமே வந்தது. ரிலையன்ட் வண்டிக்கு ஆஸ்டின் கம்பெனியின் 747 சிசி எஞ்சின் வந்துகொண்டிருந்தது. 1939இல் ஆஸ்டின் அதை நிறுத்தியது. வில்லியம்ஸ் கடையை மூடவில்லை. அதே வடிவத்தில் எஞ்சினைத் தாமே செய்துகொண்டார். 1962இல் முழுக்க அலுமினியத்தாலான சொந்த எஞ்சினே வந்துவிட்டது. 1973இல் வந்த ராபின் அந்த வழியில் பிறந்ததுதான்.

எடை குறைவாக இருந்ததால் அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் வைத்திருந்தவர்களால் இதை ஓட்ட முடிந்தது, வரியும் குறைவாக இருந்தது. பிள்ளைகுட்டிக்காரத் தொழிலாளிக்கு மழையில் நனையாத ஒரு வண்டி. அதனால்தான் பல ஆண்டுகள் விற்றது. 2001இல் ரிலையன்ட் கார் தயாரிப்பை நிறுத்தியது.

அப்புறம்? ஆஸ்டின் கைவிட்டபோது வில்லியம்ஸ் செய்ததையே இப்போது வண்டிக்காரர்கள் செய்கிறார்கள். உரிமையாளர் சங்கங்கள் பழைய பாகப் பட்டியல்களைப் பாதுகாக்கின்றன. கிடைக்காத பாகங்களைச் சேர்ந்து செய்விக்கின்றன. இதே எஞ்சினை வைத்துப் பிரிட்டனில் சின்ன ரேஸ் கார்களும் நெடுங்காலம் ஓடின. அதனால் எஞ்சின் பாகங்களுக்குக் கிராக்கி குறையவில்லை.

நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. ராபினின் நான்கு சக்கரத் தம்பி கிட்டன். அதைத்தான் பெங்களூரின் சிபானி நிறுவனம் 1980களில் 'டால்ஃபின்' என்று விற்றது. சோழவரம் ரேஸ் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முன் அதே குழுமம் 'பாதல்' என்ற மூன்று சக்கரக் காரையும் செய்தது. ரிலையன்ட்டின் மின்சாமான்கள் லூகாஸ். சென்னை பாடியில் 'லூகாஸ்' ஸ்டாப்பில் இறங்கியவர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

இனி மாணவரின் கேள்விக்கு வருகிறேன்.

முதலில், வண்டியின் வருடத்தை மட்டும் சொல்லிப் பாகம் கேட்காதீர்கள். சேஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் எழுதி அனுப்புங்கள். சின்னக் கம்பெனிகள் ஒரே மாடலிலும் நடுநடுவே பாகங்களை மாற்றும். உங்களிடம் எண் கேட்கும் வியாபாரியை நம்பலாம். "எல்லாத்துக்கும் பொருந்தும்" என்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை.

இரண்டாவது, பிரிக்காத பழைய பாக்கெட் என்று மயங்காதீர்கள். இரும்புப் பாகம் என்றால் சரி. ரப்பர் பெட்டிக்குள்ளேயே கிழடு தட்டிவிடும். பிரேக் ஹோஸ், சீல் எல்லாம் புதிதாகச் செய்ததே வேண்டும். இது உயிர் விஷயம்.

மூன்றாவது, இந்த வண்டிகளின் பாடி ஃபைபர் கிளாஸ்; துருப்பிடிக்காது. அதன் அடியில் இருக்கும் சேஸ் இரும்பு. மேலே பளபளப்பைப் பார்த்து வாங்கியவர்கள் கீழே ஓட்டையைப் பார்த்து அழுதிருக்கிறார்கள். உதிரிபாகத்துக்குச் செலவு செய்யுமுன் வண்டியைத் தூக்கிப் பாருங்கள்.

நான்காவது, பெரிய ஆர்டர் கொடுக்குமுன் ஒரு சின்னப் பாகம் வாங்கி அளந்து பாருங்கள்.

ஐந்தாவது, கழற்றிய தேய்ந்த பாகத்தைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். கிடைக்காத பாகத்தை லேத் பட்டறையில் கடைந்து வாங்க அதுதான் மாதிரி. மாதிரி போனால் கைதேர்ந்த கடைசல்காரரும் என்ன செய்வார்?

வகுப்பில் கல்வெட்டு, ஓலைச்சுவடி என்று உங்களை நான் படுத்தியபாடு கொஞ்சமல்ல. ஒரு பாகப் பட்டியலும் சுவடிதான். ஒரு வார்ப்பு அச்சும் கல்வெட்டுதான். அவை இருக்கும்வரை மூடிய தொழிற்சாலையின் வண்டி ஓடும். அவை எடைக்குப் போன அன்றைக்கு வண்டி காட்சிப்பொருள் ஆகிவிடும்.

உங்கள் வீட்டில் பழைய லாம்ப்ரட்டாவோ, விஜய் சூப்பரோ, அம்பாசடரோ இருந்தால் அதன் கையேட்டைத் தேடி எடுத்துவையுங்கள். டால்ஃபின் வைத்திருந்தவர்கள் யாராவது இருந்தால் படம் போடுங்கள். பார்க்க ஆசையாக இருக்கிறது.

எல்லோரும் நலமாக இருங்கள்.