பார்னாட்டோவின் இரண்டு பெண்ட்லிகள்

பழைய கார் வாங்கப் போகும் எவரும் முதலில் கேட்டு வாங்கிப் பார்ப்பது ஆர்.சி. புத்தகத்தை. அதில் எழுதியுள்ள எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு ஒத்துப்போகின்றனவா என்று குனிந்து பார்த்த பிறகுதான் நாம் விலை பேசவே தொடங்குகிறோம். நடுத்தரக் குடும்பம் வாங்கும் பத்து வருடத்து மாருதிக்கும் இது பொருந்தும். கோடிகளில் விலை போகும் பழைய சொகுசுப் பந்தயக் கூப்பேக்கும் பொருந்தும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. மாருதி வாங்குபவருக்கு வண்டி ஓடினால் போதும். பழைய கூப்பே வாங்குபவர் அதனோடு ஒரு கதையையும் விலைக்கு வாங்குகிறார். பல சமயங்களில் இரும்பின் விலையைவிடக் கதையின் விலையே அதிகம். கதை இரும்பை விட்டுப் பிரிந்துபோனால் விலை எதன் பக்கம் நிற்கும்? இந்தக் கேள்விக்கு விடை தேட, ஒரே மனிதரிடம் இருந்த இரண்டு பழைய பெண்ட்லி கார்களின் வரலாறு நமக்கு உதவும்.

அந்த மனிதர் வூல்ஃப் பார்னாட்டோ. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் பெருஞ்செல்வம் திரட்டிய பார்னி பார்னாட்டோவின் மகன். 1895ல் பிறந்தார். இரண்டு வயதிலேயே தந்தையை இழந்தார்; செல்வம் மட்டும் தங்கியது. சர்ரே மாவட்ட அணிக்கு விக்கெட் காப்பாளராகக் கிரிக்கெட் ஆடியவர் என்பது நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கலாம். டபிள்யூ. ஓ. பெண்ட்லி 1919ல் தொடங்கிய கார் நிறுவனம் கடனில் தத்தளித்தபோது பணம் போட்டு அதைத் தாங்கிப் பிடித்து, 1926ல் அதன் தலைவரானார். பிரான்சின் லெ மான் நகரில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில் மூன்று முறை கலந்துகொண்டு, 1928, 1929, 1930 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வென்றார்.

அக்காலத்துப் பெண்ட்லியைப் பற்றி ஒன்றை இங்கே விளக்கிவிட வேண்டும். நிறுவனம் சேஸிஸையும் எஞ்சினையும் மட்டுமே செய்து தந்தது. வாங்கியவர் அதைக் கொண்டுபோய்த் தமக்குப் பிடித்த பட்டறையில் பாடி கட்டிக்கொள்வார். கரூரில் பேருந்துக்குப் பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஒரே வகைச் சேஸிஸ் ஒருவர் கையில் நான்கு கதவுள்ள சலூனாகும்; இன்னொருவர் கையில் கூரையற்ற திறந்த வண்டியாகும்; மற்றொருவரிடம் இரண்டு கதவும் தாழ்ந்த கூரையும் கொண்ட கூப்பேயாகும். ‘வெட்டு’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது கூப்பே என்ற பெயர். பெரிய குதிரை வண்டியின் ஒரு பகுதியை வெட்டிக் குறுக்கியதுபோல் இருந்த சிறு வண்டிக்கு முதலில் வழங்கியது, பின்னர் காருக்கும் வந்து சேர்ந்தது. இப்படிப் பாடி வேறு, சேஸிஸ் வேறு என்று இரு கூறாகப் பிறந்ததால், பிற்காலத்தில் ஒரு காரின் அடையாளம் எதில் இருக்கிறது என்ற சிக்கலும் அதோடு சேர்ந்தே பிறந்தது.

முதல் கதை 1930 மார்ச் மாதத்தில் தொடங்குகிறது. கலே துறைமுகத்தையும் மத்தியதரைக் கடற்கரையையும் இணைத்த சொகுசு ரயிலை, 1922ல் வந்த அதன் நீலநிறத் தூங்கும் பெட்டிகளுக்காக ‘நீல ரயில்’ என்று அழைத்தார்கள். 1924ல் அதன் பெயரில் டியாகிலெவ் குழு ஒரு பாலே நடனம் நிகழ்த்தியது. 1928ல் அகதா கிறிஸ்டி அதில் ஒரு கொலையை நிகழ்த்தி நாவல் எழுதினார். அந்த ரயிலைக் காரில் முந்துவது அப்போது பணக்காரர்களின் விளையாட்டாகியிருந்தது. கான் நகரில் விருந்தொன்றில், ரயிலை முந்துவது பெரிய காரியமே அல்ல என்றார் பார்னாட்டோ. ரயில் கலேக்குப் போய்ச் சேருமுன் தாம் லண்டனில் தமது மன்றத்தில் இருப்பதாக 100 பவுண்டு பந்தயம் கட்டினார்.

மார்ச் 13 அன்று மாலை 5.45க்கு, ரயில் கானைவிட்டுக் கிளம்பிய அதே வேளையில், தமது ஸ்பீடு சிக்ஸ் பெண்ட்லியில் அவர் புறப்பட்டார். உடன் ஓட்டியவர் டேல் போர்ன் என்ற கோல்ஃப் வீரர். வழியில் மழை, பனிமூட்டம், இரவில் பெட்ரோலுக்காக ஓர் ஊரில் அலைச்சல், பாரிசை நெருங்கும்போது ஒரு டயர் வெடிப்பு. எல்லாவற்றையும் தாண்டி, காலை பத்தரை மணிக்குப் புலோன் துறைமுகம் சேர்ந்து, கப்பலில் கால்வாயைக் கடந்து, பிற்பகல் 3.20க்கு லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவிலிருந்த மன்றத்தின் வாசலில் வண்டியை நிறுத்தினார். நான்கு நிமிடம் கழித்து நீல ரயில் கலே போய்ச் சேர்ந்தது. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டியதற்காகப் பிரெஞ்சு அதிகாரிகள் விதித்த அபராதம் வென்ற பணத்தைவிட அதிகம் என்பார்கள்.

பார்னாட்டோவிடம் மிகவும் அழகான ஸ்பீடு சிக்ஸ் கூப்பே ஒன்று இருந்தது. கர்னி நட்டிங் பட்டறையில் பாடி கட்டியது. பின்புறம் ஒரே சரிவாக இறங்கும் கூரை, ஒடுங்கிய சன்னல்கள், பின்னால் பக்கவாட்டில் அமரும் மூன்றாவது இருக்கை. அந்நாளைய உயரமான பெட்டிக் கார்களிடையே அது வேறொரு காலத்திலிருந்து வந்ததுபோல் நின்றது. நீல ரயிலை முந்தியது அந்தக் கூப்பேதான் என்று உலகம் பல பத்தாண்டுகள் நம்பியது. ரயில் ஓவியங்களுக்குப் புகழ்பெற்ற டெரன்ஸ் கூனியோ, அந்தக் கூப்பே ரயிலோடு போட்டியிட்டு விரைவதாகவே பின்னாளில் வரைந்தார். நூல்களும் இதழ்களும் அப்படியே எழுதின.

ஆனால் ஆவணங்கள் வேறு சொல்லின. கர்னி நட்டிங் கூப்பே பார்னாட்டோவின் கைக்கு வந்ததே 1930 மே மாதத்தில். பந்தயம் நடந்த மார்ச்சில் அந்த வண்டி முடிந்திருக்கவில்லை. அந்த இரவில் ஓடியது ஹெச். ஜே. முல்லினர் பட்டறையில் பாடி கட்டிய, பார்வைக்குச் சாதாரணமான ஒரு சலூன். வண்டி இருந்தது, பந்தயம் நடந்தது, ஓட்டியவரும் ஒருவரே; இணைப்பு மட்டும் பொய். பின்னாளில் அமெரிக்கச் சேகரிப்பாளர் புரூஸ் மக்கா கூப்பே, சலூன் இரண்டையுமே வாங்கிச் சேர்த்தார். ஒரு கதைக்கு உரிமை கொண்டாடும் இரண்டு வண்டிகளையும் வாங்கிவிடுவது, வழக்கைத் தீர்க்கும் வழிகளில் மிகவும் செலவானது என்றாலும் நாகரிகமானது.

இரண்டாவது கதையில் நாகரிகம் அவ்வளவு எளிதாக வாய்க்கவில்லை. ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று அழைக்கப்பட்ட ஸ்பீடு சிக்ஸ், லெ மானில் 1929லும் 1930லும் பார்னாட்டோவுக்கு வெற்றி தேடித் தந்த வண்டி. பந்தய வண்டி தறிபோல. ஓடும்வரை எதையாவது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பின்னும் அச்சு, எஞ்சின், சட்டம் என்று ஒவ்வொன்றாக மாற்றப்பட்டது. 1932ல் 8 லிட்டர் எஞ்சின் பொருத்தி புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் ஓட்டினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அது தடத்தின் விளிம்பைத் தாண்டிப் பாய்ந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். நொறுங்கிய வண்டி மறுபடி செப்பனிடப்பட்டு, பந்தயக் கோலம் நீங்கி, சாலையில் ஓட்டும் கூப்பேயாக மாறியது. பல கைகள் மாறிய பிறகு மீண்டும் பழைய பந்தயத் தோற்றத்துக்குத் திருப்பப்பட்டது.

1980களின் இறுதியில் பழைய கார்களின் விலை வெறிகொண்டு ஏறியது. 1987ல் லண்டன் ஏலத்தில் ஒரு புகாட்டி ராயல் 55 லட்சம் பவுண்டுக்குப் போனது. 1988ல் என்சோ ஃபெராரி மறைந்ததும் ஃபெராரிகளின் விலை எகிறியது. ஜப்பானிய முதலீடும் சந்தைக்குள் புகுந்தது. அந்தச் சூட்டில், 1990ல், மிடில்பிரிட்ஜ் சிமிட்டர் என்ற நிறுவனம் ஓல்டு நம்பர் ஒன்னை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டது. பிறகு, இது உண்மையான ஓல்டு நம்பர் ஒன் அல்ல என்று சொல்லிப் பின்வாங்கியது. விற்றவர் வழக்குத் தொடுத்தார்.

இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆட்டன் முன் வழக்கு விசாரணைக்கு வந்தது. வண்டியின் ஒவ்வொரு உறுப்பின் வயதும் ஆராயப்பட்டது. கிடைத்த விடை வாங்கியவருக்கே சாதகமானதுபோல் தோன்றியது. 1929ல் ஓடிய வண்டியிலிருந்து, காலம் கணிக்க இயலாத சில்லறைப் பொருத்துகள் தவிர எதுவும் மிஞ்சவில்லை. 1930ல் வென்ற வண்டியிலிருந்து பெடல் தண்டு, கியர் பெட்டியின் கூடு, ஸ்டியரிங் தண்டு ஆகியவை மட்டும் இருந்தன. அப்படியிருக்க இதை எப்படி அந்த வண்டி என்பது?

நீதிபதி சொற்களைப் பிரித்துப் பார்த்தார். முதலில் செய்தபடியே இருக்கிறது என்று இவ்வண்டியைச் சொல்ல முடியாது. ஓடி உழைத்த எந்தப் பந்தய வண்டியையும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் பட்டறையைவிட்டு வெளிவந்த நாள் முதல் இன்றுவரை இதன் வாழ்க்கை எங்கும் அறுபடவில்லை. ஒரே நாளில் பழையதைத் தூக்கி எறிந்து புதியதை வைத்தவர் எவரும் இல்லை. ஓல்டு நம்பர் ஒன் என்ற பெயருக்கு உரிமை கோரத்தக்க வேறு வண்டி உலகில் எதுவும் இல்லை. ஆகவே இதுவே அது என்று தீர்ப்பளித்தார். விற்றவர் வென்றார்.

கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க் சொல்லும் தீசியஸின் கப்பலை வாசகர்கள் பலர் நினைவுகூர்ந்திருப்பீர்கள். உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி ஏதென்ஸ் மக்கள் காத்த அக்கப்பல் பழையதா, புதியதா என்று தத்துவவாதிகள் சண்டையிட்டார்கள். நமக்கு இன்னும் அருகில் உள்ளது ‘மிலிந்தன் வினாக்கள்’. தேரில் வந்த அரசனிடம், அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று கேட்டு, உறுப்புகளின் சேர்க்கைக்கு வழங்கும் பெயரே தேர் என்று பிக்கு நாகசேனர் ஒப்புக்கொள்ள வைக்கிறார். நாகசேனருக்கு விலை பேச வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆட்டனுக்கு இருந்தது. பெயர் என்பது வெறும் வழக்குதான். ஆனால் அறுபடாத வழக்குக்கு ஒரு கோடி பவுண்டு மதிப்புண்டு என்பதே அத்தீர்ப்பின் சாரமாக நாம் கொள்ளலாம்.

இரு வண்டிகளையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் விந்தை புலப்படும். கூப்பேயிடம் இரும்பு மெய், கதை பொய். ஓல்டு நம்பர் ஒன்னிடம் கதை மெய், இரும்பு பெரும்பாலும் வேறு. இரண்டையுமே உலகம் விலைமதிப்பற்றவையாகக் கொண்டது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நம்மை வருந்தச் செய்வது அதுதான். பெண்ட்லி நிறுவனம் 1931ல் முறிந்து ரோல்ஸ்-ராய்ஸ் கைக்குப் போனது. அந்நாளில் பிரிட்டனில் கார் வரி எஞ்சினின் குதிரைத்திறனுக்கு ஒரு பவுண்டு வீதம் கணக்கிடப்பட்டது. உருளையின் விட்டத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. ஸ்பீடு சிக்ஸுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 37 பவுண்டு வந்தது. பெட்ரோல் செலவு வேறு. பழைய பெண்ட்லியை வாங்குவதைவிட வைத்திருப்பது கடினம். பின்னர் அவற்றை விரும்பி வாங்கியவர்களோ, பெரும்பாலும் லெ மானில் ஓடிய திறந்த வண்டியைக் கனவு கண்டவர்கள். கனமான சலூன் பாடியையும் கூப்பே பாடியையும் கழற்றி எறிந்துவிட்டு, ஓல்டு நம்பர் ஒன்னைப் போன்ற திறந்த பாடியைக் கட்டிக்கொண்டார்கள். மொத்தம் 182 ஸ்பீடு சிக்ஸ் சேஸிஸ்களே செய்யப்பட்டன. அவற்றில் பலவற்றின் முதற்பாடிகள் இப்படித்தான் மறைந்தன. உண்மையான வண்டிகளை அழித்து, ஒரு கதையின் நகல்களைப் படைத்தார்கள்.

கர்னி நட்டிங் கூப்பே அந்த விதியிலிருந்து தப்பியது. அதன் அழகும் பார்னாட்டோவின் பெயரும் அதற்குத் துணை நின்றிருக்கும். நீல ரயிலை முந்திய வண்டி என்ற நம்பிக்கையும் அதன் பாடிமீது கைவைக்க வந்தவர்களைத் தடுத்திருக்கும் என்று நாம் கருதுகிறோம். ஒரு பொய் அத்தனை ஆண்டுகள் ஒரு மெய்யைக் காவல் காத்திருக்கிறது. காவல் தேவைப்படாத காலம் வந்தபோது உண்மை வெளிவந்தது; கூப்பேயின் மதிப்பு குறையவில்லை.

பழைய கூப்பே வாங்குபவர் சேஸிஸ் எண்ணையும் பட்டறைப் பதிவேட்டின் தேதியையும் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். கதை பொருந்தவில்லை என்று தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். அது அவர் உரிமை. கையிலிருக்கும் வண்டியைக் கழற்றி, தமக்குப் பிடித்த வேறொரு கதையின் வேடத்தை அதற்கு இடாமல் இருந்தால் போதும். அடுத்து வாங்குபவருக்குப் பார்ப்பதற்கு உண்மையாக ஏதேனும் மிஞ்சும்.