பகைவர்க்காக மன்றாடல்: தாம்பரம் 1938

திருச்சபை வரலாறு பயில்வோர்க்குத் தாம்பரம் என்றதும் நினைவிற்கு வருவது ஹென்ட்ரிக் கிரேமரின் நூலும், அதனையொட்டி எழுந்த விவாதமுமேயாம். அவ்விவாதம் 1988இல் அதே இடத்தில் மீண்டும் கூடி ஆராயப்படுமளவிற்கு நீடித்தது. நம் தேர்வுத் தாள்களிலும் அதற்கே முதலிடம். ஆனால் அம்மாநாட்டில் கூடியிருந்தவர் யாவர், எந்நிலையில் அவர்கள் சேர்ந்து முழங்காற்படியிட்டனர் என்பதையும் நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

சர்வதேச மிஷனெரி சங்கத்தின் அம்மாநாடு முதலில் சீனாவிலுள்ள ஹாங்சௌ நகரில் கூடுவதாயிருந்தது. 1937 ஜூலையில் ஜப்பானியப் படையெடுப்பு மூண்டதால் அது இயலாமற் போயிற்று. அவ்வாண்டுதான் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனின் நெருக்கடியை விட்டுத் தாம்பரத்தின் புதர்க்காட்டு நிலத்திற்குக் குடிபெயர்ந்திருந்தது. அப்புதிய கட்டடங்களில், 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை, ஏறத்தாழ எழுபது நாடுகளைச் சேர்ந்த 470 பேர் ஜான் மாட் அவர்களின் தலைமையில் கூடினர். ஆகவே, தாம்பரம் அம்மாநாட்டைப் பெற்றதற்கே காரணம் ஒரு போர்.

சீனப் பிரதிநிதிகட்குத் தலைமை தாங்கி வந்தவர் நான்கிங் நகரின் ஜின்லிங் மகளிர் கல்லூரித் தலைவர் வூ யி-பாங் அம்மையார். நான்கிங் ஜப்பானியர் வசமானது 1937 டிசம்பர் 13ஆம் நாள். அதைத் தொடர்ந்த படுகொலையின்போது அவருடைய கல்லூரி வளாகம் ஆயிரக்கணக்கான பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அடைக்கலமாயிருந்தது. கல்லூரியோ செங்டு நகருக்கு இடம்பெயர்ந்திருந்தது. அக்கொடுமையின் முதலாண்டு நினைவுநாள் தாம்பர மாநாட்டின் இரண்டாம் நாளாக அமைந்தது! அதே மன்றத்தில் ஜப்பானியத் திருச்சபையினரும் அமர்ந்திருந்தனர். அவர்களுள் ஒருவர் டொயொஹிகோ ககாவா.

இவ்விரு சாராரும் கூடிய ஆராதனையில் மன்றாட்டு எவ்வாறு ஏறெடுக்கப்படக்கூடும்? 'உலக சமாதானத்திற்காக' என்று ஒரு வரியில் கடந்துவிடலாம். நானும் என் சபையில் பல ஞாயிறுகள் அவ்வாறே கடந்திருக்கிறேன். எவரும் குறை கூறியதில்லை. ஆனால் பகைவனின் முகம் மூன்றாம் வரிசையில் தெரியும்போது பொதுச்சொற்கள் போதா. சோதோமுக்காகப் பரிந்து பேசிய ஆபிரகாம் அந்நகரின் அக்கிரமத்தைச் சிறிதென்று சொல்லவில்லை. அதனை அறிந்தே ஆண்டவர் முன் நின்றான். துன்பப்படுத்துகிறவர்களுக்காக ஜெபிக்கச் சொன்ன நம் ஆண்டவரும், துன்பம் நிகழவில்லை என்று பாசாங்கு செய்யச் சொல்லவில்லை. நீதியைக் கைவிட்டுப் பகைவனுக்காக வேண்டுதல் எளிது. நீதியைப் பற்றிக்கொண்டே வேண்டுதல்தான் சிலுவையின் வழி.

ககாவா இதனை ஓரளவு அறிந்திருந்தார் எனலாம். தம் நாடு சீனாவுக்கு இழைத்ததற்காக அம்மக்களிடம் மன்னிப்புக் கேட்டவர் அவர். 1940 ஆகஸ்டில் டோக்கியோவில் இராணுவக் காவலர் அவரைச் சிறைப்படுத்தினர்.

வெள்ளாளன்விளையிற் பிறந்த பேராயர் அசரியா அவர்களும் தாம்பரத்தில் முன்னின்றவர். 1910இல் எடின்பரோவில், மிஷனெரிமார் தங்கள் உடைமைகளையும் உயிரையும் கொடுத்தும் நட்பைக் கொடுக்கவில்லையென்று அவர் வெளிப்படையாக முறையிட்டார். நண்பனாகக் கருதாத ஒருவனுக்காக நாம் செய்யும் ஜெபம், அவனைப்பற்றி மேலிடத்திற்கு அனுப்பும் அறிக்கையாகவே நின்றுவிடுகிறது. இருபத்தெட்டு ஆண்டுகட்குப் பின் தாம்பரத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்காவைச் சேர்ந்த இளைய திருச்சபைகளின் பிரதிநிதிகள். ஜெபிக்கப்பட்டவர்கள் ஜெபிக்கிறவர்களாய் வந்தமர்ந்தனர்.

ஒன்பது மாதங்களுக்குள், 1939 செப்டம்பரில், ஐரோப்பாவிலும் போர் மூண்டது. இந்தியாவிலிருந்த ஜெர்மானிய மிஷனெரிகளுட் பலர் பகைநாட்டினராகக் காவலில் வைக்கப்பட்டனர்; தாய்நாட்டினின்று வந்த பணமும் நின்றது. அப்போது சர்வதேச மிஷனெரி சங்கம், அநாதையான மிஷன்களுக்கென நிதி திரட்டியது. போரில் ஜெர்மனியின் எதிரணியில் நின்ற நாடுகளின் சபைகள், ஜெர்மானிய மிஷன்களின் பணி அழியாதபடி காணிக்கை அனுப்பின.