ஆனந்தரங்கப் பிள்ளையவர்களின் இல்லமும் உருவமும்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர்கள், தம் இல்லத்து அறையில் மேசையும் நூல்களும் கம்பளமும் சூழ வீற்றிருந்து, தம்மை ஓவியமாக எழுதுவித்துக்கொள்ளுதல் பெருவழக்கு. தில்லி கெட்டில் என்னும் ஆங்கில ஓவியர் 1769-இல் சென்னைக்கு வந்து ஆர்க்காட்டு நவாபு முகமதலியைத் தீட்டினார். அதற்கு எட்டாண்டு முன்னரே காலஞ்சென்ற நம் ஆனந்தரங்கப் பிள்ளையவர்களை அங்ஙனம் இல்லத்துள் இருத்திக் காண விழைவார் செய்யத்தக்கது யாது?

காணையினின்று விழுப்புரஞ் சென்று புதுவைக்கு இரயிலேறும் அன்பர்கள், பெரிய கடைத்தெருவை அடுத்துள்ள அவர் மாளிகையை முதற்கண் காண்க. 1730-களில் எழுந்த அம்மனையின் கீழ்க்கட்டு, சித்திர மரத்தூண்களோடு நம் நாட்டு முறையில் இயன்றது. மேன்மாடமோ சுதைத் தூண்களோடு பிரஞ்சு முறையில் அமைந்தது. துபாஷியின் வாழ்க்கையும் அவ்வாறே இரு கட்டுடையதன்றோ!

புலவர் தீட்டிய படமும் உண்டு. தியாகராச தேசிகர் ஆனந்தரங்கன் கோவை பாடினார். சீனிவாச கவி வடமொழியில் ஆனந்தரங்க விஜய சம்பு இயற்றினார். தமிழ் பயின்ற நாம் அவற்றை இகழேம். ஆயினும் கொடையாளியைப் பாடும் புலவர்க்கு முகத்தின் வடுக்கள் புலப்படுவதில்லை.

அவ்வடுவையுங் காட்டுவது அவர்தம் நாட்குறிப்பேயாம். 1736 செப்டம்பரில் தொடங்கிய அதில், பாக்குக் கிடங்கில் அமர்ந்து அவர் கேட்ட வணிகர் சொல், கப்பல் வரவு, துய்ப்ளேக்சு துரையின் சினம், சோதிடர் வாக்கு யாவும் பேச்சுத் தமிழிலேயே பதிந்துள்ளன. 1748-இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீசுவரர் ஆலயம் இடிக்கப்பட்டதையும், துரையின் தலைமைத் துபாஷியாயிருந்தும் தாம் தடுக்கவியலாது நின்றதையும் அவர் மறைத்திலர். அவர் பெற்ற மன்சப் முதலிய பட்டங்களை மட்டும் கூட்டந்தோறும் எடுத்தோதிவிட்டு, இப்பக்கங்களைத் தாண்டிச் செல்வது நமக்கு உடன்பாடன்று. நம் சிறுவர் முதலிற் படிக்கவேண்டியவை இவையே.

அவ்வேடுகள் நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தன. 1846-இல் கலுவா மொம்பிரோன் என்னும் பிரஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு படியெடுப்பித்தார். சென்னை அரசாங்கத்தார் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டனர். தமிழ் மூலம் அதன் பின்னரே நூலுருப்பெற்றது! பரணிலுள்ள பழங்கணக்குகளைப் போகித் தீயிலிடும் நம் வீட்டார் இதனைச் சற்றே எண்ணுக.

1761 ஜனவரியில் புதுவை ஆங்கிலேயர் கைப்பட்டது. அம்மாதத்திலேயே பிள்ளையவர்களும் உயிர்நீத்தார். கோட்டையும் பிரஞ்சுக்காரர் மாளிகைகளும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. அவர் வீடு எஞ்சிற்று.