கிறிஸ்தோஃப்

கிறிஸ்தோஃப் (1856–1945) பிரெஞ்சுப் பள்ளி ஆசிரியர், தாவரவியலாளர், சிறுவர் படக்கதை ஆசிரியர். இயற்பெயர் மரி-லூயி-ஜோர்ஜ் கொலோம். அமெரிக்காவைச் சென்றடைந்த கொலம்பஸைப் பிரெஞ்சுக்காரர்கள் கிறிஸ்தோஃப் கொலோம் என்பார்கள். அந்த ஒப்புமையை வைத்தே புனைபெயரைச் சூட்டிக்கொண்டார். பாடநூல்களில் ஜோர்ஜ் கொலோம் என்றும் படக்கதைகளில் கிறிஸ்தோஃப் என்றும் கையெழுத்திட்டார். இரண்டு பெயர்களுக்கும் பதிப்பாளர் ஒருவரே: பாரிஸ் நகரின் ஆர்மான் கொலேன்.

கிழக்குப் பிரான்சின் பிரான்ஷ்-கோந்தே பகுதியில், லூர் என்னும் சிற்றூரில் 1856 மே 25 அன்று பிறந்தார். 1878இல் பாரிஸின் புகழ்பெற்ற ஆசிரியர் கல்விக்கூடமான எகோல் நொர்மால் சுபேரியரில் சேர்ந்தார். பிறகு உயர்நிலைப் பள்ளிகளில் இயற்கை அறிவியல் கற்பித்தார். பாரிஸின் கொந்தோர்சே பள்ளியில் அவரிடம் பாடம் கேட்டவர்களில் பின்னாளைய நாவலாசிரியர் மார்செல் புரூஸ்டும் ஒருவர். இலையடிச் செதில்களைப் பற்றிய அவருடைய ஆய்வு 1887இல் வெளிவந்தது. அதன்பின் சொர்போன் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் ஆய்வகத்தின் துணை இயக்குநரானார்.

அவர் படம் போடத் தொடங்கிய காலச் சூழலைச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. 1881, 1882ஆம் ஆண்டுச் சட்டங்களால் பிரான்சில் தொடக்கக் கல்வி இலவசமாகி, கட்டாயமும் ஆயிற்று. இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்குப் புத்தகம் தேவைப்பட்டது. பாடநூல் வணிகத்தில் வளர்ந்த ஆர்மான் கொலேன், பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே 1889 மார்ச்சில் 'லெ பெத்தி பிரான்சே இலுஸ்திரே' என்ற வார இதழைத் தொடங்கினார். வகுப்பறைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே வாசகரைப் பிடிக்கும் திட்டம் அது. கொலோம் அதற்கு வாய்ப்பாக அமைந்தார். பொருளைக் கண்முன் வைத்துக் கேள்வி கேட்டுக் கற்பிக்கும் 'பொருட்பாடம்' என்ற முறை அப்போது பள்ளிகளில் பரவியிருந்தது. அதற்கென அவர் எழுதிய அறிவியல் நூல் 650 படங்களைக் கொண்டது.

அவ்விதழில் 1889 ஆகஸ்டில் வந்த அவருடைய ஒற்றைப் பக்கப் படக்கதை பின்னாளில் பெரிய விவாதத்துக்கு இடமளித்தது. தெருவுக்கு நீர் தெளிக்கும் ஊழியரின் குழாயை ஒருவன் காலால் மிதிக்கிறான்; நீர் நின்றுவிட, ஊழியர் குழாய்முனையை உற்றுப் பார்க்கிறார்; மிதித்த கால் விலகுகிறது. லூமியேர் சகோதரர்கள் 1895இல் எடுத்த, உலகின் முதல் நகைச்சுவைப் படம் என்று பேசப்படும் படத்தின் கதையும் ஏறத்தாழ இதுவே. படத்துக்கு மூலம் கிறிஸ்தோஃப் என்பர் சிலர். ஹெர்மன் ஃபோகல் என்பவர் கான்தென் பதிப்பகத்துக்காக 1887இலேயே இதே வேடிக்கையை வரைந்துவிட்டதாகக் காட்டுவர் வேறு சிலர். லூயி லூமியேரோ தம் தம்பி வீட்டில் செய்த குறும்பிலிருந்து அது பிறந்ததாகச் சொன்னார். தோட்டக் குழாய் உள்ள ஊரிலெல்லாம் நடக்கக்கூடிய சங்கதி என்பதால், எவர் எவரிடம் எடுத்தார் என்று அறுதியிடுவது கடினம்.

அதே ஆகஸ்டு இறுதியில் 'ஃபெனுயார் குடும்பம்' தொடங்கிற்று. அஜெனோர் ஃபெனுயார் தம் ஊரில் காலுறையும் தொப்பியும் விற்கும் வணிகர், மனைவி லெயோகாதி, மகள்கள் ஆர்தெமீஸ், கியூனெகோந்து. ஐஃபெல் கோபுரம் எழுந்த 1889ஆம் ஆண்டு உலகக் கண்காட்சியைப் பார்க்கப் பாரிஸ் போகிறார்கள். வேடிக்கைக்கு இரண்டொரு பக்கம் என்று தொடங்கியது வாசகர் வரவேற்பால் 1893 வரை நீண்டது. லெ ஆவ்ர் துறைமுகத்தில் கப்பலைச் சுற்றிப் பார்க்க ஏறியவர்கள் இறங்கத் தவறி அமெரிக்கா போய்ச் சேர்கிறார்கள். அங்கிருந்து பெரிங் நீரிணை, ஜப்பான், தென்கடல் தீவுகள். போகுமிடமெல்லாம் தந்தை மேடைப்பேச்சு வீசுவார், தாய் அவரை அதட்டுவார், மகள்கள் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஒரே உடையில் நிற்பார்கள். அமெரிக்கப் பழங்குடியினரையும் பாப்புவா மக்களையும் வரைந்த விதத்தில் அக்காலக் குடியேற்ற மனப்பான்மை அப்படியே படிந்திருக்கிறது. ஆனால் கேலியின் முதல் இலக்கு ஊரை விட்டு வந்தும் ஊரைச் சுமந்து திரியும் அந்தக் கடைக்காரக் குடும்பம்தான்.

அடுத்து வந்த 'சிப்பாய் கமாம்பேர்' (1890–1896) ஆசிரியரின் சொந்த மண்ணைச் சேர்ந்தவன். லூர் அருகிலுள்ள கற்பனைக் கிராமத்தில் 1844 பிப்ரவரி 29 அன்று பிறந்தவன் ஆதலால் நான்காண்டுக்கு ஒருமுறையே அவனுக்குப் பிறந்தநாள். குப்பையைப் புதைக்கக் குழி வெட்டச் சொல்கிறார் சார்ஜண்டு. தோண்டிய மண்ணை எங்கே போடுவது என்று கேட்டால், வேறொரு குழி வெட்டி அதில் போடு என்கிறார். இரண்டாம் குழியின் மண் எஞ்சி நிற்கிறது. அந்த மண்ணும் அடங்கும்படி இரண்டாம் குழியைப் பெரிதாக வெட்டாதது உன் மடமை என்று திட்டும் விழுகிறது. ஒரு கடனை அடைக்க வேறொரு கடன் வாங்கும் வரவுசெலவுத் திட்டங்களைக் குத்திக்காட்டப் பிரெஞ்சு எழுத்தாளர்கள் இந்தக் குழியை இன்றும் துணைக்கு அழைக்கிறார்கள்.

'அறிஞர் கொசினுஸ்' (1893–1899) உலகைச் சுற்றிவரத் துடிக்கும் ஞாபகமறதிக் கணித அறிஞரின் கதை. வண்டி, மிதிவண்டி என்று எதில் புறப்பட்டாலும் ஏதோ ஒரு தடங்கல். பாரிஸ் எல்லையைக் கடைசிவரை அவர் தாண்டுவதேயில்லை. அவர் தாமே செய்த ஊர்தியின் பெயர் ஒரு முழு வரியை அடைத்துக்கொள்ளும். நாய்க்குப் பெயர் ஸ்ஃபெரோயித், அதாவது கோளவுரு. கொசினுஸுக்கு முன்மாதிரி கணிதமேதை ஆன்றி புவான்காரே என்று சொல்வோர் உண்டு. வேறு பெயர்களும் அடிபடுகின்றன. சொர்போன் தாழ்வாரங்களில் நடமாடிய ஒருவருக்கு ஒரே ஒரு முன்மாதிரியோடு நின்றிருக்க வேண்டிய தேவை இருந்ததா என்பது வேறு கேள்வி. இதே ஆண்டுகளில் 'பிளிக், பிளொக்' (1893–1904) என்ற இரு குள்ளர்களின் குறும்புக் கதையும் வந்தது.

கிறிஸ்தோஃப் பேச்சுக் குமிழ்களைப் பயன்படுத்தவில்லை. படத்துக்குக் கீழே அச்செழுத்தில் உரை ஓடும். அந்த உரையோ இலக்கணப் பிசகில்லாத, வேண்டுமென்றே கனமாக்கிய பள்ளி உரைநடை. மேலே ஒருவர் தண்ணீரில் விழுந்துகொண்டிருப்பார். கீழே அந்த வீழ்ச்சி இயற்பியல் பாடம்போல் நிதானமாக விளக்கப்படும். பாடம் நடத்தும் ஆசிரியரின் குரலை அந்த ஆசிரியரே பகடி செய்ததுதான் இவருடைய கலையின் சாரம் எனலாம். நிழலுருவங்கள், மேலிருந்து பார்க்கும் கோணம், திடீர் அண்மைக் காட்சி ஆகியவற்றைத் திரைப்படம் பிறப்பதற்கு முன்பே கையாண்டார். முதல் பிரெஞ்சுப் படக்கதை ஆசிரியர் இவரே என்ற கூற்றைக் கவனத்துடன் ஏற்க வேண்டும்: ஜெனீவாவில் பள்ளி நடத்திய ரொடோல்ஃப் தோப்ஃபர் 1830களிலேயே பிரெஞ்சில் படக்கதை வெளியிட்டார்; குஸ்தாவ் தொரே 1847இல் வெளியிட்டார்.

1904க்குப் பின் கொலோமின் ஈடுபாடு பெரும்பாலும் பாடநூல்களிலும் ஒரு பழைய வழக்கிலும் சென்றது. கி.மு. 52இல் கோல் இனத் தலைவன் வெர்சான்செத்தொரீக்ஸ் யூலியஸ் சீசரிடம் சரணடைந்த அலேசியா எங்கே இருந்தது என்பதே அவ்வழக்கு. பூர்கோஞ்ஞில் உள்ள அலீஸ்-சேந்த்-ரேன் என்று மூன்றாம் நெப்போலியனின் அகழாய்வு (1861–1865) முடிவுகட்டியிருந்தது. பிரான்ஷ்-கோந்தேயில் உள்ள அலேஸ்தான் அந்த இடம் என்று பெசான்சோன் கட்டடக் கலைஞர் அல்ஃபோன்ஸ் தெலக்ருவா 1855இல் எழுப்பிய கட்சியில் கொலோம் சேர்ந்தார். சீசர் எழுதியபடி குன்று, இருபுறமும் ஆறு, எதிரே மூன்று மைல் சமவெளி என்று நிலத்தோடு ஒப்பிட்டு 1922இல் 'அலேசியாவின் புதிர்' என்ற நூலை வெளியிட்டார். 1990களில் நடந்த பிரெஞ்சு–ஜெர்மன் அகழாய்வுக்குப் பின் அறிஞர் பெரும்பான்மை அலீஸ் பக்கமே நிற்கிறது. சொந்த மண்ணுக்காக வழக்காடிய இந்த முதியவரைக் கொசினுஸின் ஆசிரியர் பார்த்திருந்தால் ஒரு பக்கமாவது வரைந்திருப்பார்.

1945 ஜனவரி 3 அன்று தென்கிழக்குப் பிரான்சின் நியோன்ஸ் ஊரில் காலமானார். பிரான்சுவா கராதெக் எழுதிய வாழ்க்கை வரலாறு 1956இல் வந்தது. 'ஃபெனுயார் குடும்பம்' இவ் ரொபேர் இயக்கத்தில் 1961இல் திரைப்படமாயிற்று. லூர் நகரில் கமாம்பேருக்குச் சிலை உண்டு. அவன் பிறந்தநாளை ஒட்டி 1980 முதல் பிப்ரவரி 29 அன்று மட்டும் வெளிவரும் 'சிப்பாயின் மெழுகுவத்தி' என்ற நகைச்சுவை நாளிதழின் 12ஆம் இதழ் 2024இல் வந்தது.